ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் புளிச்சோறு

1

இந்தக் கதை என் தலையில் தானாக முளைக்கவில்லை. என் மச்சான் முறையான அஜிததாஸ் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது. நான் சீமையிலிருந்து திரும்பி மூன்று மாதம் ஆகிறது. வாரம் தவறாமல் வந்து வாசலில் நின்றுகொண்டு கேட்கிறார்:

"பாத்தியா மச்சான்? உன் கண்ணால பாத்தியா?"

நானும் வாரம் தவறாமல், "எழுதிக்கிட்டு இருக்குறேன்" என்கிறேன். முதலில் அது வாய்க்கு வந்த சாக்கு. சொல்லிச் சொல்லிக் கடைசியில் செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு நோட்டு வாங்கும்படி ஆகிவிட்டது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பெயர் சம்பவநாதன். சிங்கவரத்துப் பக்கம் நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிறவன். கதை எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. "அவள் தன் மனதுக்குள் நினைத்தாள்" என்று எழுதுவார்கள். அவள் மனதுக்குள் இவன் எப்போது போய்விட்டு வந்தான்? அதனால் நோட்டின் முதல் பக்கத்தில், "இதில் என் கண்ணால் பார்த்தது மட்டும் இருக்கும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நாலாம் பக்கத்தில் அது முடியாது என்று தெரிந்துவிட்டது. கையெழுத்தை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

2

தொடக்கம் மட்டும் மூன்று எழுதினேன்.

முதலாவது: "1966ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்து தேசத்தின் தென்கரையில் அலைகள் பொங்கி..." (அடித்துவிட்டேன். அலை எங்கேயும் அலைதான். அதைப் பார்க்க நான் அவ்வளவு தூரம் போகவில்லை.)

இரண்டாவது: "என் மகன் தர்மநாதன் தங்கமான பிள்ளை." இதை என் மனைவி ராஜமதி வாங்கிப் படித்தாள். "தரகன் ஜாதகத்தோட கொண்டாந்து குடுத்த மாதிரி இருக்குது" என்றாள். அதையும் அடித்தேன்.

மூன்றாவது: "அன்றைக்கு நான்"

[இந்த வரி இப்படியே நிற்கட்டும். முடிக்கத் தெரியாமல் விடவில்லை. இதை முடித்தால் கதை இங்கேயே முடிந்துவிடும்.]

3

முதலில் நான் எதற்குப் போனேன் என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் ஜைனர்கள். எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடு கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர் சோற்றில் விழும், அதைத் தின்னக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். சிலர் சோற்றை விட்டாலும் தண்ணீர் குடிப்பார்கள். நான் தண்ணீரும் குடிக்க மாட்டேன். பொழுது இறங்க அரை மணி இருக்கும்போதே கை கழுவிவிடுவேன். அறுபத்து மூன்று வயதில் ஒரு நாள் தவறியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதப் போனேன். பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவலூர்பேட்டையில் ஒரு கல்யாணம். மழை பிடித்துக்கொண்டு பந்தி தாமதமாகி, பாதிச் சாப்பாட்டில் பெட்ரோமாக்ஸ் ஏற்றும்படி ஆகிவிட்டது. எல்லோரும் இலையை விட்டு எழுந்தோம். அஜிததாஸ் மட்டும் கையில் பிசைந்து வைத்திருந்ததை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஒரே ஒரு கவளம். நான் பார்த்துவிட்டேன். பார்த்தவன் சும்மா இருந்தேனா? பந்தல் முழுக்கக் கேட்கும்படி,

"விளக்கு வெளிச்சத்துல தின்னுறானே, இவன் வூட்டுல எவன்யா பொண்ணு எடுப்பான்?" என்று கத்தினேன்.

அவர் பெண் சந்தனாவுக்கு அப்போது பதினோரு வயது. தகப்பன் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பெண்ணைத்தான் போன வருஷம் ராஜமதி எங்கள் தருமுவுக்குக் கேட்க வேண்டும் என்றாள். டீச்சர் டிரெயினிங் முடித்த பெண், நல்ல பெண். தருமு லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருக்கிறான். போய் ஐந்து வருஷம். நான் கேட்கப் போக மாட்டேன் என்றேன். அவளே போய்க் கேட்டாள். அஜிததாஸ் மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோபமெல்லாம் இல்லை. சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

"பொண்ணக் குடுக்குறதுல எனக்கு ஒண்ணுமில்ல மச்சான். ஆனா அந்த ஊருல உன் புள்ள பொழுதோட சாப்புடுறானா, விளக்கு வெச்சித் தின்னுறானான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

"என் புள்ள அப்புடி இல்ல."

"நீ பாத்தியா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரே மேலே சொன்னார்.

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. வேற எவன் சொன்னாலும் நம்ப மாட்டேன். நீ சொன்னா நம்புறேன். நீதான் எவன் வாயையும் நம்பாத ஆளாச்சே."

அப்படித்தான் நான் கப்பல் ஏறினேன். ஊரில் எல்லோரும் மகனைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தார்கள். நான் மகனைப் பிடிக்கப் போனேன்.

4

கப்பல் பயணத்தை எழுதவில்லை. எட்டுப் பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். கடல், வாந்தி, அவல், வாழைப்பழம். வேறொன்றும் இல்லை.

லண்டனில் இறங்கியது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை, தருமு வேலையிலிருந்து வருவதற்கு முன், அவன் அறை ஜன்னலில் நின்று அந்த ஊர்ச் சூரியன் எப்போது இறங்குகிறது என்று பார்த்தேன். எனக்குக் கைக்கடிகாரம் கிடையாது. செஞ்சியில் ராஜகிரி நிழல் எந்த வயலில் விழுகிறது என்று பார்த்தே நேரம் சொல்லிவிடுவேன். அங்கே மலை இல்லை. அதனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சூரியன் கூரைகளுக்குப் பின்னால் போனபோது ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. நம் ஊர் மாதிரியேதான் என்று வைத்துக்கொண்டேன்.

(மகனிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். வேவு பார்க்க வந்தவன் திருடனிடமா மணி கேட்பான்?)

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. "நைனா, ஒரு ஊருக்குப் போய்ட்டு சாயங்காலமே வந்துடலாம். கடற்கரை ஊரு. ஹேஸ்டிங்ஸ்னு பேரு. மலை மேல பழைய கோட்டை ஒண்ணு இருக்குது" என்றான். விடியுமுன் எழுந்து, ராஜமதி கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலைப் போட்டுச் சோறு கிளறித் துணியில் கட்டினான். தண்ணீர் பாட்டில் ஒன்று, டம்ளர் ஒன்று, தண்ணீரில் இருக்கிற சின்ன உயிர் வாய்க்குள் போகாமல் வடிகட்டுகிற வெள்ளைத்துணி ஒன்று. அந்தத் துணி கிழியாமல், பழுப்பேறி, பழகிய துணியாக இருந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்தும் நம்பவில்லை. நான் வருகிறேன் என்று எடுத்து வைத்திருக்கலாம் அல்லவா?

விடிந்ததும் ஆளுக்கு இரண்டு துண்டு ரொட்டி தின்றுவிட்டு ரயில் ஏறினோம். ரயிலில் தருமு ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தான். எனக்கு அந்தக் கோட்டை மேலேதான் ஞாபகம்.

"கோட்டைன்னா எத்தினி மலையில?"

"ஒரு மலைதான் நைனா."

"ஒரே மலையா?" என்றேன். அப்போதே எனக்கு அந்த ஊர் மேல் இரக்கம் வந்துவிட்டது.

5

இந்தப் பகுதியை நான் சந்தோஷமாக எழுதுகிறேன். ராஜமதி, "இத மட்டும் மூணு தடவ திருத்தி எழுதியிருக்கீங்க" என்றாள். ஆமாம்.

அந்த மலை மேல் போவதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் கம்பியில் இழுத்து மேலே கொண்டுபோய் விடுகிறது. வாலிபப் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து மேலே போகிறார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே தருமுவின் கம்பளிக் கோட்டோடு, படியில் ஏறினேன். தருமு பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். இதற்கு மலை என்று பேர். நம் ஊரில் இந்த உயரத்தில்தான் முதல் வாசலே இருக்கிறது.

கோட்டை என்றால் அரை வளைவு ஒன்று, நாலைந்து குட்டிச்சுவர், நடுவில் புல். வாசலில் மீசை வைத்த கிழவர் ஒருவர் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றான்?"

"தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தி, கடலத் தாண்டி வந்த ராஜா ஒருத்தர் கட்டுனதாம் நைனா."

"மீதிக் கோட்டை எங்கன்னு கேளு."

கேட்டான். "பாதி, மலையோட சேந்து கடல்ல சரிஞ்சிடுச்சாம்."

"கடலுக்கே தாங்கல, பீரங்கிக்கு இன்னா பண்ணியிருப்பான்? எங்க ஊருல மூணு மலை, மூணையும் சேத்து ஒரே மதிலுன்னு சொல்லு. டில்லி பாதுசா படை ஏழு வருஷம் வெளிய குந்திக்கிட்டு இருந்துச்சுன்னு சொல்லு."

"நைனா, அவ்ளோத்தையும் எப்புடி..."

"சொல்லுடா. உன்னப் படிக்க வெச்சது எதுக்கு?"

சொன்னான். கிழவர் புருவத்தைத் தூக்கினார். திருப்பி ஏதோ கேட்டார்.

"இப்ப அதுல யாரு இருக்காங்கன்னு கேக்குறாரு."

"கொரங்குன்னு சொல்லு. முந்தி உங்காளுங்களும் வந்து புடிச்சாங்க, எங்க ஊரு காய்ச்சல் தாங்காம படுத்துட்டாங்கன்னு அதையும் சொல்லு."

கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு கும்பிடு மாதிரி போட்டார். தருமு உண்மையில் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பை நம்புகிறவன் நானில்லை. ஆனால் அந்தத் தொப்பி கழன்றதை என் கண்ணால் பார்த்தேன்.

நெற்களஞ்சியம், ஆனைக்குளம், கல்யாண மகால் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தேன். தருமு இரண்டு தடவை, "நைனா, போவலாம், சாப்புடணும்" என்றான். "இரு, சுனையைச் சொல்லல" என்றேன். ஒன்றரை மணி நேரம் போயிற்று. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றரை மணியை எடுத்துக்கொண்டது நான், அவன் இல்லை.

6

இனி கடற்கரை.

(நேற்று இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். முந்தாநாளும் அப்படித்தான்.)

மணல் இல்லை. எல்லாம் கூழாங்கல். படகுகளைக் கல் மேலேயே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். வலை வைக்கிற கொட்டகைகள் கறுப்பாக, ஒல்லியாக, பனைமரம் மாதிரி உயரமாக நிற்கின்றன. கடலுக்குள் ஒரு பாலம் போகிறது. அக்கரை போகுமோ என்று பார்த்தால் பாதியில் நின்றுவிடுகிறது. அதன் மேல் ஜனங்கள் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள். வயசானவர்கள் துணி நாற்காலியில் கடலைப் பார்த்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், கோட்டைக் கழுத்துவரை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் உல்லாசமாம். வானம் அடுப்புச் சாம்பலைக் கொட்டின மாதிரி. அன்று முழுக்க நான் சூரியனைப் பார்க்கவில்லை. கடைகளில் பட்டப்பகலிலேயே விளக்கு எரிந்தது.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். பாட்டில் காலி.

"நைனா, நீங்க இங்கியே இருங்க. ஓடிப்போய் தண்ணி புடிச்சாந்துடுறேன். வந்ததும் சாப்புடலாம்" என்று பாட்டிலையும் துணியையும் எடுத்துக்கொண்டு போனான். ஓடித்தான் போனான்.

வரவில்லை. கால் மணி, அரை மணி. சுற்றிலும் மீன் வறுக்கிற வாடை. எல்லோர் கையிலும் காகிதப் பொட்டலம். என் பிள்ளை இந்த வாடைக்குள் போய் இவ்வளவு நேரம் என்ன செய்கிறான்? நான் போன காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது ஊர் நடுவில் இருந்த மணிக்கூண்டில் மணி அடித்தது. எண்ணினேன். ஐந்து. வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கியது ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில். அரை மணி முன்னால் கை கழுவ வேண்டும். அதற்கு இன்னும் அரை மணிகூட இல்லை. அவனுக்காகக் காத்திருந்தால் என் விரதம் கெடும்.

நான் முடிச்சை அவிழ்த்து

நான் அவிழ்த்தேன்

அவிழ்த்துத் தின்றேன். இந்த வரியில் இதற்கு மேல் அலங்காரம் இல்லை.

பாதிச் சோறு முடிந்திருக்கும், தருமு ஓடி வந்தான். என் கையைப் பார்த்தான். அப்படியே நின்றான்.

"ஏண்டா நிக்கிற? குந்து. சாப்புடு."

"எனக்கு வேணாம் நைனா. நீங்க சாப்புடுங்க."

"காலையில தின்ன ரெண்டு ரொட்டியோட இருக்குற. பசிக்கல?"

"பசிக்கல."

எனக்கு விக்கல் எடுத்தது. அவன் துணியை டம்ளர் மேல் விரித்துத் தண்ணீரை வடிகட்டிக் கொடுத்தான். குடித்தேன். அவன் முகம் எப்படி இருந்தது என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். எழுதினால் கட்டுக்கதை. நான் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

7

ரயிலில் கேட்டேன்.

"எங்கடா தின்ன?"

"எங்கியும் இல்ல நைனா."

"முக்கா மணி நேரம்."

"ஞாயித்துக்கெழம, கடையெல்லாம் சாத்தியிருந்துச்சு. ஸ்டேஷன் வரைக்கும் போயித்தான் தண்ணி புடிச்சேன்."

"மீன் வறுக்குற கட மட்டும் தொறந்திருந்துச்சே?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவன் வயிறு கடகடவென்று சத்தம் போட்டது. எதிரில் இருந்த துரைசாணி கூடத் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள போனது இன்னான்னு அதுவே சொல்லுது பாரு" என்றேன். நான் அஜிததாஸுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதில் கட்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் விடியலில் ஜன்னல் வெளுக்கிற வரைக்கும் தருமு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வெளுத்ததும் மீந்துபோன புளிச்சோற்றை எடுத்துத் துணியில் ஒட்டிய பருக்கைவரை தின்றான். இவ்வளவு பசியா என்று நினைத்தேனே ஒழிய, ஏன் இவ்வளவு பசி என்று நினைக்கவில்லை.

பிறகு வேலைக்குப் போய்விட்டான். அன்று மேகம் விலகியிருந்தது. சாயங்காலம் ஜன்னலில் நின்றேன். சூரியன் அதே கூரைகளுக்குப் பின்னால் இறங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைத்துக் காதை வைத்துக் கேட்டேன். ஓடிக்கொண்டிருந்தது. முள் ஐந்தைத் தாண்டியது. வெளியே இருட்டு. அங்கேயே நின்றேன்.

ஆறு மணிக்கு மேல் தருமு வந்தான்.

"உன் கடிகாரம் கெட்டுப் போச்சாடா? வெள்ளிக்கெழம ஆறு மணிக்கு எறங்குன சூரியன் இன்னிக்கு அஞ்சுக்கு முந்தியே எறங்கிடுச்சு."

அவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இந்த ஊருல குளிர்காலம் வந்தா எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சிடுவாங்க நைனா. சர்க்கார் உத்தரவு. ஞாயித்துக்கெழம விடியக்காலையில வெச்சாங்க."

"எந்த ஞாயித்துக்கெழம?"

"நேத்து."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"ரயிலுலயே சொன்னேன். நீங்க கோட்டைக்கு எத்தினி மலைன்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப நேத்து நான் சாப்புட்டப்போ..."

"பொழுது போயி கால் மணி ஆயிருந்துச்சு நைனா. அதுக்கு முந்தியே வந்துடணும்னுதான் ஓடுனேன்."

"தெரிஞ்சும் தின்னவுட்டியேடா!"

"வாயில வெச்சிட்டீங்க. அப்புறம் சொல்லி இன்னா ஆவப் போவுது?"

"தண்ணியையாவது குடுக்காம இருந்திருக்கலாம்ல?"

"உங்களுக்கு விக்கிச்சு நைனா."

8

மார்கழி மாதத்தில் அங்கே நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுமாம். அவன் வேலை முடிவது ஐந்துக்கு. மத்தியானம் சாப்பிட்டால் மறுநாள் எட்டு மணிக்கு வெளிச்சம் வருகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் கிடையாது. ஐந்து குளிர்காலம் இப்படி. இது அவன் சொன்னது. நான் பார்த்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் பார்த்தேன்.

நான் அறுபத்து மூன்று வருஷம் காத்தது என்ன? நம் ஊரில் சூரியன் ஆறு மணியை ஒட்டியே இறங்கும். பெண்டாட்டி நாலரைக்கே இலை போடுவாள். கூட இருக்கிறவன் எல்லாம் நம்மவன். தவறினால் கத்துவதற்கு என்னைப் போல் பத்துப் பேர். அங்கே அவனைப் பார்க்க ஒரு ஈ காக்கை கிடையாது. தின்றால் கேட்பாரில்லை. அப்படியிருந்தும் காத்தான்.

இந்த இடத்தில் என் நெஞ்சு எப்படி இருந்தது என்று எழுதினால் நான் ஏசுகிற எழுத்தாளன் ஆகிவிடுவேன். ராஜகிரி உச்சியில் நின்றால் காற்று சட்டைக்குள் புகுந்து ஊதுமே, அப்படி இருந்தது. எழுதிவிட்டேன். போகட்டும்.

ஒரு சந்தேகத்தை ஒளிக்கக்கூடாது. கதை என்று எடுத்துக்கொண்டால் இந்தத் தருமு என்கிற ஆளை என்னால் முழுக்க நம்ப முடியவில்லை. விரதத்தில் அவ்வளவு உறுதியானவன், தகப்பன் விரதம் கெடுவதைப் பார்த்தபடி தண்ணீர் வடிகட்டிக் கொடுப்பானா? தகப்பன் ரயிலில் அவ்வளவு பேசியும், "நீங்கதான் கெடுத்தீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவானா? நானாக இருந்தால் ரயில் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருப்பேன். இதை ராஜமதியிடம் கேட்டேன்.

"அவன் என் வயித்துலயும் பொறந்தவன்" என்றாள்.

9

ஆக, சிக்கல் இதுதான். என் மகன் விரதம் காக்கிறான் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு சாட்சி இருக்கிறது. அன்று நான் தின்றேன், அவன் தின்னவில்லை. முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதியைச் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியது, ஒரு கவளத்துக்காகப் பந்தல் நடுவில் நான் மானத்தை வாங்கிய மனுஷனிடம்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒரு முடிவு: அஜிததாஸ் வருகிறார். "பாத்தேன் மச்சான், காக்குறான்" என்கிறேன். நம்பிவிடுகிறார். கல்யாணம் நடக்கிறது. (இது நடக்கக்கூடியது. ஆனால் அவர், "எப்ப பாத்த? எப்புடி பாத்த?" என்று கேட்பார். நானாக இருந்தாலும் கேட்பேன். அப்புறம் ஒரு பொய், அதற்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய்.)

இன்னொரு முடிவு: நான் அவலூர்பேட்டைக்கே போய், நாலு பேர் கூடுகிற ஒரு கல்யாணத்தில் எழுந்து நின்று, எனக்கும் விரதம் கெட்டது என்று கத்துகிறேன். (கேட்க நன்றாக இருக்கிறது. கூத்தில் வருகிற மாதிரி இருக்கிறது. செய்ய மாட்டேன். அப்போதும் நான்தானே நடுப்பந்தலில் நிற்பேன்?)

மூன்றாவது: அறியாமல் தின்றது கணக்கில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறேன். (அஜிததாஸ் அறிந்து தின்றார், நான் அறியாமல் தின்றேன், ரெண்டும் ஒன்றா? இதில் ஒரு வாரம் தொங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று மழையில், ஏற்றின விளக்கை அவர் எந்த நொடியில் பார்த்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்டேனா? அவர் கைக்குள்ளும் மனதுக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி கத்தினேன்.)

மூன்றையும் அடித்துவிட்டேன்.

10

நேற்று அஜிததாஸ் வந்தார். மணி நாலு இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"பாத்தியா மச்சான்?"

நான் நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இன்னாது இது? பதில் கேட்டா பரீட்சப் பேப்பரக் குடுக்குற."

"படி."

"கண்ணாடி கொண்டாரல."

"என்னுதப் போட்டுக்க."

நான் எதிரில் உட்கார்ந்தேன். அவர் வாய்விட்டுப் படிக்கிற ஆள். கோட்டைப் பக்கத்தில் சிரித்தார். "கொரங்குன்னு சொன்னியா!" என்று தொடையில் தட்டினார். அதற்கு முன்பு, பந்தல் பக்கத்தில், சத்தம் நின்றுபோய் உதடு மட்டும் அசைந்தது. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். கடற்கரைக்கு வந்தபோது விரலை வரி மேல் வைத்து வைத்துப் படித்தார். "அவிழ்த்துத் தின்றேன்" என்ற இடத்தில் விரல் நின்றது.

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்கு லேசாகப் போயிருக்கும்.

ராஜமதி உள்ளே மூன்று இலை போட்டு வைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அவர் ஒன்பதாம் பகுதி வரைக்கும் படித்து முடித்தார்.

"இது நெசமா மச்சான்?"

"என் கண்ணால பாத்தது."

"வேற யாருக்குத் தெரியும்?"

"தருமுவுக்கு. இவளுக்கு. இப்ப உனக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். "மேல ஒண்ணும் எழுதலியே."

"மீதி என் கையில இல்ல."

அவர் எழுந்தார். வாசல் பக்கம் போனார். சாப்பிட உட்காருகிறவர்கள் கால் கழுவுகிற தண்ணீர்க் குடமும் அங்கேதான் இருக்கிறது, அவர் செருப்பும் அங்கேதான் கிடந்தது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். என் கண்ணால் பார்த்தேன். ஆனால் எழுத மாட்டேன். அந்த மனுஷன் சாப்பிட்டதை ஒரு தடவை நான் ஊருக்கே சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவை, சாப்பிட்டார் என்றோ சாப்பிடவில்லை என்றோ, என் வாயிலிருந்து வராது. உங்களுக்கு வேண்டுமானால் குடத்தைச் சாய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் செருப்பை மாட்டிவிடுங்கள். அது உங்கள் பாடு.

என் மகன் காத்தான். அதை மட்டும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால், அன்றைக்கு அவன் அப்பன் தின்றான், மகன் தின்னாமல் பார்த்துக்கொண்டு நின்றான் என்று சொல்லுங்கள்.